ஆள் சேராத சீட்டு

அன்பு மகனுக்கு,

இக்கடிதத்தில் சொல்ல இருப்பவை:

1. மனநோய் நர்சிங் படிக்கப் பெங்களூரிலிருந்து வந்த சேர்க்கை உத்தரவுக்கு நான் ஏன் இதுவரை சரி என்று சொல்லவில்லை.
2. நம் வீட்டில் கிழமை தொலைந்துபோனது.
3. நாம் இருவரும் மலைக்குப் போய்வந்தது. அதில் என் பங்கு (சிறியது).
4. அங்கே சேர்ந்தால் நீ கவனிக்க வேண்டியவை.
5. பயந்த சுபாவம் உள்ளவர்களுக்கு மனநல மருத்துவமனை வேலை ஏன் ஒத்துவராது.

பொதுப்பணித் துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு, தலைப்புகளை எண் போட்டு எழுதிக்கொள்ளாமல் எதையும் தொடங்க வராது. உன் அம்மாவைப் பெண் பார்க்கப் போனபோதுகூட, பேச வேண்டியவற்றை இப்படித்தான் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி எடுத்துப் போனேன். இரண்டாவது விஷயத்தை முடிப்பதற்குள் காபி ஆறிவிட்டது. மூன்றாவதுக்கு வந்தபோது அவள் உள்ளே போய்விட்டிருந்தாள். மூன்றாவது என்ன என்று அவள் இன்றுவரை கேட்கிறாள். எனக்கு மறந்துவிட்டது.

சேலம் பஸ் ஓடுகிறதா என்று பார்த்துவர நீ சைக்கிளில் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கிறாய். நீ திரும்புவதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும். உன் டிரங்குப் பெட்டி கூடத்தில் மூடி திறந்தபடி கிடக்கிறது. துணிமணி எல்லாம் அடுக்கியாகிவிட்டது. பூட்டைக் காணோம் என்று நேற்றிலிருந்து வீடெல்லாம் தேடினாய். பூட்டு கிடைத்தாலும் நான் வாயைத் திறந்து போய்வா என்று சொல்லாமல் நீ கிளம்ப மாட்டாய் என்று எனக்குத் தெரியும். நாளைக் காலை பஸ் ஏறாவிட்டால் அந்த இடம் போய்விடும் என்பதும் தெரியும். தெரிந்தும் ஒரு மாதமாக "பார்க்கலாம்" என்ற ஒரே சொல்லை வைத்துக் காலம் தள்ளினேன். இன்று காலை உன் அம்மா தோசைக் கரண்டியோடு வந்து சொன்னாள்: "ஊர்ல அவனுங்க ரோட்ட மறிக்கறானுங்க. வூட்ல நீங்க மறிக்கறீங்க. அவனுங்களாவது இன்னா வோணும்னு சொல்லிட்டு மறிக்கறானுங்க." எனக்கு வேண்டியதை வாயால் சொல்ல வராது. ஆகவே எழுதுகிறேன்.

முதல் தலைப்பு. நீ என் பிள்ளை. நான் சரி என்று சொல்லாததற்கு அதுதான் காரணம். நீ சிறுவனாக இருந்தபோது கூத்து பார்க்க உன்னைக் கூட்டிப்போனேன். பெரிய கிரீடமும் சிவந்த முகமுமாக ஒரு வேஷம் திரையை விலக்கிக்கொண்டு குதித்ததும், நீ அலறிக்கொண்டு என் துண்டுக்குள் தலையை நுழைத்தாய். அந்த நேரம் என் தலையும் அதே துண்டுக்குள்தான் இருந்தது. இருவரும் உள்ளே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இந்தப் பிள்ளைக்கு என் உயரம் வராமல் போனாலும் என் பயம் தப்பாமல் வந்துவிட்டது என்று அன்றே முடிவு செய்தேன். பிறகு நீ நர்சிங் சேர்ந்தாய். முதல் வருடத்தில் ஆரஞ்சுப் பழத்தில் ஊசி குத்திப் பழகச் சொன்னார்களாம். நீ பழத்தைக் கையில் எடுத்து, "கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்குங்க" என்று சொன்னாயாம். உன் நண்பன் நம் வீட்டுக்கு வந்தபோது சொல்லிச் சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் கவலை. பழத்துக்கே பயப்படுகிறவன், சங்கிலியால் கட்டி அழைத்து வரப்படுகிறவர்கள் நடுவில் என்ன செய்வான்?

உன் தாய்மாமன் வேறு வந்து குழப்பினான். "ஆம்பளப் புள்ள நர்சு வேலைக்குப் போனதே ஜாஸ்தி. இப்ப பைத்தியக்கார ஆஸ்பத்திரின்னா, பொண்ணு எவன் மாமா குடுப்பான்?" என்றான். உன் அம்மா உள்ளேயிருந்து, "ராவெல்லாம் எழுந்து எழுந்து தாப்பாள் போட்டுக்கீதான்னு பாக்கற ஆளுக்கு எங்கப்பன் பொண்ணு குடுக்கல? அப்டித்தான்" என்றாள். மாமன் காபியைக் குடித்துவிட்டுப் போனான். எனக்கு மட்டும் கவலை போகவில்லை.

இரண்டாவது. சாலை மறியல் தொடங்கிய வாரம் உனக்கு நினைவிருக்கும். நம் பக்கத்து ஜனங்கள் படிப்பிலும் வேலையிலும் தங்களுக்குத் தனியாக இடம் ஒதுக்கச் சொல்லிச் சாலையெல்லாம் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை. பேப்பர் இல்லை. மரம் சாய்ந்ததில் கம்பி அறுந்து கரண்டும் இல்லை. டிரான்சிஸ்டருக்குப் பேட்டரி வாங்கலாமென்றால் கடை இல்லை. நர்சிங் முடித்து வந்திருந்த நீ எங்கும் போக வழியில்லாமல் வீட்டில் உட்கார்ந்து உன் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தாய். ஒரு மனிதருக்குக் காலம், இடம், ஆள் தெரிகிறதா என்று எப்படிக் கேட்டுப் பார்ப்பது என்ற பாடம். பழகிப் பார்க்க உனக்கு ஆள் வேண்டும். வீட்டில் சும்மா இருந்தவன் நான்.

"இன்னிக்கு இன்னா கிழமைப்பா?" என்று கேட்டாய்.

நான் சுவரில் இருந்த தினசரிக் காலண்டரைப் பார்த்தேன். அங்கேதான் வினை. காலையில் பேப்பர் வந்ததும் தேதியைச் சரிபார்த்துவிட்டுத் தாளைக் கிழிப்பது என் வழக்கம். பேப்பர் வராததால் நான் கிழிக்கவில்லை. நான் கிழிக்கவில்லை என்று உன் அம்மா கிழித்தாள். அவள் கிழித்தது தெரியாமல், நேற்றைய தாள் இன்னும் தொங்குகிறதோ என்ற சந்தேகத்தில் நான் இன்னொன்றைக் கிழித்தேன். பிறகு அடுப்பு பற்றவைக்கக் காகிதம் இல்லையென்று அவள் ஒன்றிரண்டை முன்கூட்டியே கிழித்தாளாம். ஆக காலண்டர் நமக்கு முன்னால் எங்கோ போய்க்கொண்டிருந்தது. நான் புதன் என்றேன். நீ வியாழன் என்றாய். "வெள்ளி. நான் தல குளிச்சிட்டேன்" என்றாள் உன் அம்மா. நியாயம் கேட்கப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டோம். "சந்தையும் கூடல, பள்ளிக்கூடமும் இல்ல. கிழமைய வச்சிக்கினு நான் இன்னா பண்றது?" என்று சொல்லிவிட்டு அவர் போய்ப் படுத்துக்கொண்டார்.

எல்லோரும் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. முகம் கழுவும் சாக்கில் கிணற்றடிக்குப் போய், என் பெயர், என் தகப்பனார் பெயர், நான் வேலை பார்த்த கோமுகி அணையின் முழுக் கொள்ளளவு எல்லாவற்றையும் எனக்குள் சொல்லிப் பார்த்தேன். நீ பின்னாலேயே வந்தாய். "கிழமை தெரியலன்னா சீக்குன்னு அர்த்தம் இல்லப்பா. ஏன் தெரியலன்னு கேக்கணும். அதுக்குத்தான் அந்தப் பாடம்" என்றாய். எனக்கு அந்தக் கொள்ளளவும் பாதியில் நின்றுவிட்டது என்பதை நான் உன்னிடம் சொல்லவில்லை.

மூன்றாவதுதான் நீளமானது. அந்த வாரமே மலையிலிருந்து ஆண்டி நடந்து இறங்கி வந்தார். அவருடைய தம்பி சடையன், நீ பயிற்சியில் இருந்த மனநோய் வார்டில் முன்பு படுத்திருந்தவர். குணமாகி வீட்டுக்குப் போனபின் மாதாமாதம் மாத்திரை வாங்க வரும் ஆண்டி நம் வீட்டில் மோர் குடித்துவிட்டுப் போவார். அன்று மோர் கேட்கவில்லை. வாசலிலேயே நின்றார். "மாத்திரையத் தூக்கிக் கடாசிட்டான் சாமி. தூக்கம் இல்ல. சோறு இல்ல. காதுல யாரோ பேசறாங்கன்னு பரண் மேல ஏறிக் குந்திக்கினு கீழயே எறங்க மாட்டேங்கறான். கிட்டப் போனா கவண்கல்லு வுடறான். ஊர்ல நாளைக்குக் கட்டி எறக்கலாம்னு பேசறாங்க." சங்கிலி என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. ஆனால் கையை மணிக்கட்டில் வைத்துக் காட்டினார்.

நீ அரசு மருத்துவமனைக்கு ஓடி, டாக்டரிடம் சொல்லிப் புதிதாக மாத்திரை வாங்கிவந்தாய். சைக்கிளை எடுத்தாய். உன்னைத் தனியாக அனுப்ப எனக்குப் பயம். உன்னோடு வரவும் பயம். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் முதல் பயம் சற்றுப் பெரிதாக இருந்ததால் பின் கேரியரில் ஏறிக்கொண்டேன். ஆண்டி குறுக்கு வழியில் முன்னால் போய்விட்டார்.

வழிமறிப்பவர்களிடம் சொல்ல வேண்டிய பதிலை நான் மனப்பாடம் செய்துகொண்டே வந்தேன். கச்சிராயபாளையம் சாலையில் முதல் மரத்தடியிலேயே நிறுத்தினார்கள். வெட்டிய புளியமரத்தின் மேல் வரிசையாகப் பையன்கள். "எங்க போறீங்க?" என்று ஒருவன் கேட்டான்.

"எங்கள் நெருங்கிய உறவினர் ஒருவர் உடல்நலம் குன்றியிருப்பதால் அவரை நலம் விசாரிக்கும் பொருட்டு" என்று தொடங்கினேன்.

"இன்னாய்யா, ரேடியோ பேசுது?" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

நீ சைக்கிளை விட்டு இறங்கி உள்ளதைச் சொன்னாய். மனசு சரியில்லாதவருக்கு மாத்திரை கொடுக்கப் போகிறோம் என்றாய்.

"அப்டின்னா இவனுக்கு ஒண்ணு குடுத்துட்டுப் போ டாக்டரே. நேத்துல இருந்து மரத்தவுட்டு எறங்க மாட்டேங்கறான்" என்று ஒருவன் பக்கத்தில் இருந்தவனைக் காட்டினான்.

"நான் டாக்டர் இல்லண்ணா. நர்சு. அடுத்து மனநோய் நர்சிங் படிக்க பெங்களூர்ல எடம் கெடச்சிருக்குது."

மரத்தில் இருந்த எல்லோரும் நிமிர்ந்தார்கள். இடம் என்ற சொல்லுக்காகத்தான் அவர்கள் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். "எந்தக் கோட்டாவுல?" என்று கேட்ட குரலில் சிரிப்பு இல்லை. நான் கேரியரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"கோட்டா எல்லாம் ஒண்ணும் இல்லண்ணா. யாரும் சேர மாட்டேங்கறாங்க. அதனால கெடச்சிது."

பிறகு பெரியவனாக இருந்தவன் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான். "ங்கொய்யால, ஒரு சீட்டுக்காக நாம இங்க மரத்த வெட்டிப் போட்டுக்கினு குந்திக்கினு கீறோம். ஆள் சேராத சீட்டுன்னு ஒண்ணு அங்க சும்மா கெடக்குதாண்டா!" சைக்கிளை மரத்துக்கு அந்தப் பக்கம் தூக்கி வைத்தார்கள். என்னையும் தூக்கி வைத்தார்கள். நான் கேட்கவில்லை, அவர்களாகவே தூக்கினார்கள். அந்தச் சிரித்தவன் மட்டும் கொஞ்ச தூரம் நம்மோடு நடந்து வந்தான். மற்றவர்களுக்குக் கேட்காத தூரம் வந்ததும், "எங்க அக்கா கொழந்த பொறந்ததுல இருந்து தூங்கறதே இல்ல. தனியா பேசிக்கினு கீது. பேய்னு வேப்பில அடிக்கறாங்க. அதுக்கு மாத்திரை கீதா?" என்று கேட்டான். நீ சைக்கிளை நிறுத்தி, தரையைப் பார்த்தபடி, குழந்தை யாரிடம் இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டாய். அவன் அம்மாவிடம் இருக்கிறதாம். குழந்தையை அங்கேயே வைத்துக்கொள்ளச் சொன்னாய். அக்காவைத் தனியாக விட வேண்டாம், நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்றாய். "நாங்கதான் ரோட்ட மறிச்சி வச்சிருக்கோம்" என்றான் அவன். "உங்க மரந்தான, நீங்களே நகத்துங்க" என்றாய். மறுநாள் அந்த மரம் நகர்ந்தது.

அணையில் வேலை பார்த்த காலமெல்லாம் அந்த மலையைக் கீழிருந்து பார்த்ததோடு சரி. அங்கே பெய்யும் மழையின் அளவைக் கணக்கில் எழுதுவேனே தவிர, ஒரு நாளும் ஏறியதில்லை. அடிவாரத்தில் சைக்கிளை விட்டு ஏறியபோதுதான் அதன் முழுக் கொள்ளளவு எனக்குப் புரிந்தது. மேலே சாமைக்காட்டு ஓரத்தில், பயிர்க்காவலுக்குக் கட்டிய பரண். பரண் மேல் சடையன். காடெல்லாம் தள்ளித் தள்ளி நிற்கும் ஊர்க்காரர்கள். ஒருவர் தோளில் கயிறு.

நீ அவர்களைத் தாண்டிப் போனாய். கொஞ்ச தூரம் போய் நின்றாய். "சடையண்ணே, வரட்டுமா?"

"வராத."

"சரி" என்று சொல்லிவிட்டு நின்ற இடத்திலேயே உட்கார்ந்துகொண்டாய். எவ்வளவு நேரம் போனது என்று எனக்குத் தெரியாது. எனக்கு மூச்சு வாங்கியது. கவண் வைத்திருந்த கையை நான் பார்க்க, அவர் என்னைப் பார்த்துவிட்டார். நான் பலாமரத்தடியில் அப்படியே சரிந்து உட்கார்ந்தேன்.

"யாரு அந்தக் கெழவரு?" என்றது பரண்.

"எங்கப்பா."

"ஏன் நடுங்கறாரு?"

"பயந்துட்டாரு."

"எதுக்கு?"

"உனக்குத்தாண்ணே."

"எனக்கா?" அவருக்கு அது மிகவும் விசித்திரமாக இருந்திருக்க வேண்டும். இத்தனை பேரும் கயிறும் கல்லுமாக நிற்க, தனக்குப் பயந்து ஒருவன் வெளிப்படையாக உட்கார்ந்துவிட்டதை அப்போதுதான் பார்க்கிறார் போலிருக்கிறது. கவணைப் பரணிலேயே வைத்தார். சுரைக்குடுக்கையோடு ஏணியில் இறங்கி நேராக என்னிடம் வந்தார். எனக்கு எழுந்து ஓடக் கால் இல்லை. "பயப்படாத பெரியவரே. நான் ஒண்ணும் செய்ய மாட்டேன். தண்ணி குடி" என்றார். குடித்தேன். பாதி சட்டையில் ஊற்றிக்கொண்டேன். உன்னைப் பார்த்து, "இவருக்கு உடம்பு சரியில்ல. இவரப் பாக்காம என்னிய வந்து பாத்துக்கினு கீற" என்று கோபித்துக்கொண்டார்.

மலையேறும் அமர்க்களத்தில் என் இரத்தக் கொதிப்பு மாத்திரையை விழுங்க மறந்திருந்தேன். பையிலிருந்து அதை எடுத்தேன். சடையன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்கும் மாத்திரையா?"

"ஆமாம்."

"தெனமுமா?"

"தினமும்தான்."

"எத்தினி காலத்துக்கு?"

"கடைசி வரைக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்."

"அடப் பாவமே!" என்றார். அப்படி ஒரு இரக்கத்தோடு உன் அம்மாகூட என்னைப் பார்த்ததில்லை. "எனக்கு இப்போதைக்கு ஒரு வருசம்னு சொன்னாங்க. அதுக்கே பைத்தியம்னு ஊர்ல சிரிக்கறாங்கன்னு கடாசிட்டேன். நீ படிச்ச ஆளு, கடைசி வரைக்கும் தின்னணுமா? உன்ன யாரும் சிரிக்கலியா?"

"எங்க வூட்ல சிரிப்பாங்க" என்றேன். அது மாத்திரைக்காக அல்ல என்பதை விளக்க அப்போது தெம்பு இல்லை.

அவர் யோசித்தார். பிறகு உன் பக்கம் கையை நீட்டினார். "குடு. பெரியவரு முழுங்கட்டும், நானும் முழுங்கறேன். இல்லன்னா அவரு ஏமாத்திடுவாரு, மொகத்தப் பாத்தாலே தெரியுது." இருவரும் ஒன்றாக விழுங்கினோம். வாயைத் திறந்து காட்டச் சொன்னார். காட்டினேன். கயிறு வைத்திருந்தவர் அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்.

நான்காவது. பெங்களூரில் குளிரும், மப்ளர் பெட்டியின் இடது மூலையில் இருக்கிறது. குடையை யாருக்கும் இரவல் கொடுக்காதே. நோயாளியோடு வாக்குவாதம் செய்யாதே, மேட்ரனோடும் செய்யாதே. வார்டுச் சாவிக்கொத்தைக் கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொள். பூட்டிய அறையில் இருப்பவருக்கு அடுத்தவர் இடுப்பில் சாவி குலுங்குவது நன்றாக இருக்காது. கிழமை கேட்பதற்கு முன், அங்கே காலண்டர் இருக்கிறதா, அதை யார் கிழிக்கிறார்கள் என்று பார்த்துக்கொள். இவற்றில் எது உனக்கு ஏற்கெனவே தெரியும், எது தெரியாது என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாமே தெரிந்திருக்கலாம்.

ஐந்தாவதுக்கு வந்துவிட்டேன். காரணங்களையும் எண் போட்டு எழுத உட்கார்ந்தேன். பயந்தவன் கிட்டே போக மாட்டான் என்று எழுதினேன். நீ கிட்டே போகவில்லை. வரட்டுமா என்று கேட்டாய், வராதே என்றதும் உட்கார்ந்துகொண்டாய். அவர்தான் இறங்கி வந்தார். பயந்தவனால் அதட்ட முடியாது என்று எழுதினேன். அதட்ட அங்கே ஊரே நின்றது, ஒன்றும் நடக்கவில்லை. பயந்தவன் வலிக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவான் என்று எழுதி, அந்த ஆரஞ்சுப் பழம் நினைவுக்கு வந்து, பேனாவை மூடிவிட்டேன். மலையிலிருந்து புளி விற்க இறங்குகிறவர்கள் இப்போதெல்லாம் நம் வாசலில் நின்று, "பெரியவரு மாத்திரை சாப்ட்டாரான்னு சடையன் கேட்டாரு" என்று விசாரித்துவிட்டுப் போகிறார்கள். நேற்று ஆண்டியே வந்தார். சடையன் களையெடுக்கப் போகிறாராம். மோர் கேட்டு வாங்கிக் குடித்தார். நான் வாயைத் திறந்து காட்ட வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம், நம்புகிறோம் என்றார்.

உன் சைக்கிள் மணி தெருமுனையில் கேட்கிறது. இரண்டு முறை அடிக்கிறாய், பஸ் ஓடுகிறது போலிருக்கிறது. பெட்டியின் பூட்டைத் தேட வேண்டாம். அது நேற்றிலிருந்து என் சட்டைப் பையில் இருந்தது. இக்கடிதத்தின் மேல் வைத்திருக்கிறேன். போய்வா. மேலே கண்ட தலைப்புகளில் ஐந்தாவது தவறு. மையால் எழுதிவிட்டதால் அழிக்க முடியவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா